பனிப்பாதையில் மச்சாளை நடக்கச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதப் புதன்கிழமை காலை. ரெக்ஸ்டேலில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்குக் கிட்ட, ஆற்றை ஒட்டிய பூங்காவில் இது நடந்தது.

எனக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. அதற்கு முந்தைய வருடம் இரத்தத்தில் சீனி கூடியதால், மாரிக் குளிர் என்று வீட்டுக்குள் முடங்காமல் நடக்கச் சொன்னார் டொக்டர். பக்கத்துச் சமூக நிலையத்தில் வயதானவர்களுக்கென்று ஒரு பனிநடைக் குழு இருந்தது. சப்பாத்துக்கு அடியில் அகலமான சட்டம் ஒன்றை மாட்டித் தருவார்கள். கால் பனியில் புதையாது. இரண்டு கையிலும் தடி. ஒரு குளிர்காலம் நடந்ததில் சீனி இறங்கியது, முழங்கால் நோவும் குறைந்தது. அதோடு எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. கலியாண வீடு, கோயில் என்று எங்கே யாரைக் கண்டாலும் உபதேசம்.

அதில் அகப்பட்டவர்தான் மச்சாள், என் கணவரின் அக்கா. அறுபத்தெட்டு வயது. எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருந்தார். பனி தொடங்கினால் ஏப்ரல் வரை வெளியே வரமாட்டார். அவரை விடாமல் நச்சரித்துக் குழுவில் சேர்த்தேன். முதல் இரண்டு புதன்கிழமையும் நன்றாகவே நடந்தார். வாத்து மாதிரி நடக்கிறோம் என்று சொல்லிச் சிரித்தார்.

மூன்றாவது புதன்கிழமை அரைவாசித் தூரத்தில் நின்றுவிட்டார். குழு முன்னால் போய் வளைவில் திரும்பிவிட்டது. நான்தான் மச்சாளைக் கூட்டிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று அவர்களை அனுப்பியிருந்தேன்.

“எனக்கு ஏலாமக் கிடக்கு. தாடையெல்லாம் உளையுது” என்றார்.

“குளிர்க் காத்து முகத்திலை அடிக்குது, அதுதான். நிண்டால் இன்னும் விறைக்கும். நடவுங்கோ மச்சாள்.”

கொஞ்சத் தூரம் நடந்தார். திரும்பவும் நின்றார். தொப்பியைக் கழற்றினார். நெற்றியெல்லாம் ஈரம்.

“உந்தக் குளிருக்கை ஏன் இப்பிடி வேர்க்குது?”

“வேர்த்தால் நல்லதுதானே. உடம்பு வேலை செய்யுது எண்டு அர்த்தம்.”

இதைச் சொல்லும்போது எனக்கு அவரில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. சாட்டுச் சொல்கிறார், அடுத்த கிழமை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். முதுகும் இழுக்கிறது என்றார். அதற்கும் ஏதோ ஒரு பதில் சொன்னேன். இப்படியே அரை மணி நேரம் போயிருக்கும்.

அப்போது எதிரே ஒரு வெள்ளைக்காரர் பனிச்சறுக்கில் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். எங்களைக் கடந்து போனவர் திரும்பி வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மச்சாளின் முகத்தைப் பார்த்து, எங்கே நோகிறது, எவ்வளவு நேரமாக என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். மச்சாள் தாடையையும் முதுகையும் தொட்டுக் காட்டினார். அவர் தன் மேற்கோட்டைக் கழற்றிப் பனியில் விரித்து மச்சாளை இருத்தினார். அவசர உதவிக்கு அழைத்தார். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர் எங்களிடம் கேட்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு அஸ்பிரின் எடுத்து, மென்று விழுங்கச் சொன்னார். அம்புலன்ஸ்காரருக்குப் பாதை தெரியாது, கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி, கோட் இல்லாமலே வாகனத் தரிப்பிடத்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போனார்.

நான் மச்சாளின் பக்கத்தில் குந்தி அவர் கையைப் பிடித்தபடி இருந்தேன்.

“தம்பிக்குச் சொல்லு” என்றார். என் கணவரைத்தான் சொன்னார்.

மாரடைப்பு. அன்றே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். பெண்களுக்குச் சில நேரம் நெஞ்சு நோகாமல் இப்படித்தான் வரும் என்றும், இன்னும் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்றும் டொக்டர் விளங்கப்படுத்தினார். அந்த வெள்ளைக்காரரை நான் பிறகு காணவில்லை. அவருடைய பெயரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கணவர், “நல்ல காலம், நீர் பக்கத்திலை இருந்தது” என்றார். வந்த உறவுக்காரர் எல்லோரும் அதையே சொன்னார்கள். மச்சாள் கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் தாங்க முடியாமல், அவருக்கு முன்னாலேயே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் அக்காவின் போர்வையை இழுத்துவிட்டார்.

மச்சாள்தான் பேசினார். “அவ சொன்னதை நானும் நம்பினனான்தானே. விடு தம்பி.”

அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. நம்பியதால்தானே நடந்தார்.

சில மாதங்கள் ஆஸ்பத்திரியின் இருதயப் பயிற்சி வகுப்புக்குப் போனார். அடுத்த மாரியில், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, தானாகவே பனிநடைக்கு வருகிறேன் என்றார். இப்போது வேகத்தை அவர் தீர்மானிக்கிறார். அவர் நின்றால் நானும் நிற்கிறேன், காரணம் கேட்பதில்லை.

குளிரில் நடப்பது எங்கள் வயதுக்கு நல்லது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் இன்னொருவருடைய உடம்பைப் பற்றி அவரைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தை, யாருக்கு என்ன புத்திமதி சொல்ல வாய் திறந்தாலும் நான் ஒருமுறை கடந்துதான் வரவேண்டியிருக்கிறது.