ஜுனைதீன் சேரின் கிராமபோன் எண்

சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தலில் பெயரைச் சொன்னபோது வேறு யாரோ ஜுனைதீன் என்றுதான் நினைத்தேன். கல்முனையில் அந்தப் பெயருக்கு என்ன குறைவா? அடுத்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்றார்கள்.

அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கு அவருடைய பிரம்பு நினைவிருக்கும். அதே பாடசாலையில் சித்திரம் படிப்பித்த எனக்கு நினைவிருப்பது அவருடைய கிராமபோன் பெட்டி. எங்கள் ஊர் வழக்கப்படி அவர் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போனபோது, உம்மா தனக்குக் கல்யாணத்தில் கிடைத்த பெட்டியை அவரிடம் கொடுத்தனுப்பினார். மாமனார் வீட்டிலும் அதேபோல ஒன்று இருந்தது. சுனாமி உம்மாவைக் கொண்டுபோனது, உம்மாவின் வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோனது, இரண்டு பெட்டிகளில் ஒன்றையும் கொண்டுபோனது. மிஞ்சியது உம்மாவுடையது என்றே சேர் நம்பினார். வெள்ளிக்கிழமைகளில் துடைத்து வைப்பார். உம்மாவின் படம்கூட அவரிடம் இல்லை.

போன வருடம் மனைவியின் தம்பி சம்மாந்துறையிலிருந்து வந்தவர், இது எங்கள் வாப்பாவின் பெட்டி போல இருக்கிறதே என்றார். சண்டைக்கு வரவில்லை, சும்மாதான் சொன்னார். சேருக்கோ அன்றிலிருந்து நித்திரை போனது. பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டிலிருந்த எண்ணைப் பார்த்தார். பழைய பெட்டிகள் சேர்ப்பவர்கள் இணையத்தில் போட்டிருந்த அட்டவணையில் அந்த எண் இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று இரண்டாம் உலகப் போருக்கு முன், மற்றது பின். இடையில் கம்பனி எண்களைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. உம்மாவின் கல்யாணம் போருக்கு முன் நடந்தது. மாமனார் பெட்டி வாங்கியது போருக்குப் பின்.

"முந்தினதெண்டு வெச்சிட்டு விடுங்களன் சேர்" என்றேன். யார் கேட்கப்போகிறார்கள்?

"நம்பர் ரெண்டு பக்கமும் இழுக்குது. அதுக்காக நான் ஒரு பக்கம் சாயேலா சேர்" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். எண்ணுக்குக் கீழே, துருவுக்குள், காப்புரிமை பெற்ற ஆண்டு பொறித்திருந்தது. போர் முடிந்த பிறகு வந்த ஆண்டு. போருக்கு முன் செய்த பெட்டியில் அது எப்படி வரும் என்று அவரே எனக்கு விளங்கப்படுத்தினார், கரும்பலகைக்கு முன் நிற்பதுபோல. எனக்கு வந்த கோபம்! பெற்ற உம்மாவின் விஷயத்திலுமா மனுசன் இப்படிக் கணக்குப் பார்ப்பார்?

மறுநாளே பெட்டியை ஓட்டோவில் ஏற்றினார். நானும் கூடப் போனேன். மச்சான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், உங்களிடமே இருக்கட்டும் என்று கையைப் பிடித்தார். உங்கட வாப்பாட சாமான் என்று வைத்துவிட்டு சேர் எழும்பிவிட்டார். திரும்பி வரும்போது வயல் முடிகிற இடத்தில், வெளியே பார்த்தபடி சொன்னார்.

"உம்மா இண்டைக்குத்தான் சேர் முழுசாப் போனா."

அதன் பிறகு அவர் அதைப்பற்றிக் கதைக்கவேயில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வசனமும், இன்னும் ஆறாத இந்தக் கோபமும்தான். ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், உம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மௌத்தாகியிருப்பார்.