கரையில் நின்ற இரண்டு வள்ளங்கள்

ரோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம் இரண்டு தரம் தலை முழுகினாலும் கூந்தலை விட்டுப் போகாது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு கோடையிலும் கனடாவில் எங்கள் பார்க்டேல் வீட்டில் அந்த மணம் எழுந்தாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும், ஏனென்றால் மறுநாள் அந்த ரோல்ஸை விற்கும் "போட் நாள்".

அப்பாவின் ஊர் யாழ்ப்பாணக் கரையோரத்து மீன்பிடிக் கிராமம். கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்ற அந்த ஊருக்கு ஒரு மீட்புப் படகு வாங்கவென்று, ரொறன்ரோ ஊர்ச்சங்கம் ஆண்டுதோறும் பூங்காவில் நடத்திய நிதி சேர்ப்பு விழா அது. ஆண்டுதோறும் ஒரே பேச்சு: முன்னொரு காலத்தில் புயலில் வள்ளம் கவிழ்ந்து, கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஐந்து பேர் மூழ்கினார்கள், போய்த் தூக்க ஒரு படகு இல்லை. பிறகு ஒரே சண்டை: வாங்காத படகில் யாருடைய பெயரை எழுதுவது என்று ஊரின் வடக்குக் கரையாரும் தெற்குக் கரையாரும் மோதுவார்கள். சங்கச் செயலாளரான அப்பா, "எங்கட ஐயாவின்ர பேர்தான்!" என்று தன் தகப்பனுக்காகக் கத்துவார். நானோ பரதநாட்டிய உடுப்பில், மை கரைந்து கன்னத்தில் வழிய, என் முறைக்காகக் காத்து வெயிலில் வேகுவேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டு, மூழ்கியவர்களில் ஒருவரின் மனைவியான செல்லம் அன்ரி, வழக்கமாக விளக்கேற்றிவிட்டுப் பேசாமல் இருப்பவர், சண்டை நடுவில் எழுந்து மைக்கைப் பறித்தார்.

"படகு இல்லையெண்டு ஆர் சொன்னது? அண்டைக்குக் கரையில இஞ்சின் பூட்டின ரெண்டு வள்ளம் நிண்டது. வடக்காற்ற ஒண்டு, தெற்காற்ற ஒண்டு. என்ர மனுசனும் மற்ற நாலு பேரும் உங்கட ரெண்டு கரையையும் சேராத ஆக்கள். மற்றவன் முதல் இறக்கட்டும் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டியள்." அப்பாவின் பக்கம் திரும்பினார். "உன்ர ஐயாவும்தான், தம்பி."

கூட்டம் கலைந்தது. என் நடனமும் நடக்கவில்லை.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார்: "உங்களுக்கு உது தெரியுமோ?"

"ஓம்," என்றார் அப்பா. "எனக்கு அப்ப பத்து வயது. நானும் கரையில நிண்டனான்."

அதுவரை எனக்கு ரோல்ஸ் மீதும் வெயில் மீதும்தான் கோபம். அன்று முதன்முறை அப்பா மீது வந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் பெயர்க் கோரிக்கையைக் கைவிட்டார். ஊரில் போரெல்லாம் முடிந்த பிறகே படகு அங்கே போய்ச் சேர்ந்தது; அதில் எந்தப் பெயரும் இல்லை.

படகின் பராமரிப்புக்கென்று விழா இன்னும் நடக்கிறது. சென்ற ஆண்டு விழா மலருக்கு அதன் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். அச்சில் அந்த இரண்டு வள்ளங்களைக் காணவில்லை. மலர்க்குழு அங்கிளைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன்.

"இடம் காணேல்லை, பிள்ளை."

அதே பக்கத்தின் பாதியில் நகைக்கடை விளம்பரம் பளபளத்தது. செல்லம் அன்ரி இன்று இல்லை. அப்பாவும் இல்லை. கரையில் நின்றேன் என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை.