தன் பெயரைப் பாட வைத்த வெர்லீன்

வெர்லீன் கேட்லெட் யாரையும் மன்னித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் அவலான் தெருப் பக்கம் இருந்த எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவில் அவள் முதல் குரல், நான் இரண்டாவது, ஃபே மூன்றாவது. வார நாட்களில் வெர்லீனுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. பகலெல்லாம் நீராவியில் வெந்தவள், சனிக்கிழமை பயிற்சிக்கு வந்து வாயைத் திறந்தால் பின்வரிசையில் வம்பளப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். தேன் குரல் என்று சொல்ல மாட்டேன். அதில் ஒரு கீறல் உண்டு. அந்தக் கீறல்தான் போகிற ஆளைப் பிடித்து நிறுத்தும்.

அறுபத்திரண்டாம் வருஷம் ராய் டென்பி என்ற வெள்ளைக்காரத் தயாரிப்பாளர் எங்கள் மூவரையும் ஹாலிவுட்டில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தார். முன்னால் வெர்லீன், பின்னால் நானும் ஃபேயும். ஏழெட்டு முறை பாட வைத்து, கடைசியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெர்னா, இது ஊரையே கிறங்கடிக்கப் போகுது. உன் பேர்லயே இசைத்தட்டு போடுறேன்."

"வெர்லீன், சார்."

"அதான், வெர்னா."

ஒரு மாதம் கழித்து, அழகு நிலையத்தில் முடியை நேராக்கச் சூட்டுச் சீப்பால் தலை வாரிக்கொண்டிருந்தபோது வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. வெர்லீன் எழுந்தே நின்றுவிட்டாள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் உற்சாகமாகச் சொன்னார்: "பாடியவர்கள், த கேலிகோஸ்!"

"ஆள் மாத்திச் சொல்றான்டீ, மடையன்" என்று சிரித்தாள். சிரிப்பு பக்கத்து இசைத்தட்டுக் கடை வாசல் வரைக்கும்தான். அதன் கண்ணாடியில் கேலிகோஸின் படம் தொங்கியது. ஒரே மாதிரி ரோஸ் கவுன் போட்ட மூன்று ஒல்லிப் பெண்கள். எங்கள் கறுப்பினத்துப் பிள்ளைகள்தான். ஒருத்தியையும் நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. நடுவில் நின்றவளுக்குப் பதினேழு வயது இருக்கும், பெயர் நடீன் என்று போட்டிருந்தது.

ராயைப் பார்க்க அவளோடு நானும் போனேன். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் அவளை அதிகம் எரித்தது.

"குரலுக்கு முகம் கிடையாது, வெர்னா. கடையில காசு குடுக்கிறவன் முகத்தைத்தான் பார்ப்பான். அந்தப் பிள்ளைங்க அழகா இருக்குதுங்க, ஆடுதுங்க. நீ நல்லாப் பாடுற. அவங்கவங்க வேலையை அவங்கவங்க செய்வோம்."

"என் பேரு, சார்?"

"உன் பேரு யாரு நாக்குலயும் நிக்காதும்மா."

இதையாவது அவள் விழுங்கியிருப்பாளோ என்னவோ. தேவாலய விருந்தில் நடந்ததுதான் அவளை முழுசாக மாற்றியது. உணவு மேஜைக்குப் பக்கத்தில் நின்று, குழந்தைகள் கேட்டார்கள் என்று அந்தப் பாட்டை எடுத்துவிட்டாள். முடித்ததும் மூப்பர் மனைவி சிஸ்டர் மோசல் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"அச்சு அசல் கேலிகோஸ் மாதிரியே பாடுறியே வெர்லீன்! இன்னும் கொஞ்சம் பழகினா அந்தப் பிள்ளை அளவுக்கு வந்துருவ."

"அது என் குரல், சிஸ்டர். அந்தத் தட்டுல பாடினது நான்தான்."

"ஆமாமா. போன வருஷம் சலவைக் கடையை விலைக்கு வாங்கப் போறேன்னும் சொன்ன."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லீன் சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தாடை மட்டும் இறுகியிருந்தது.

அடுத்த வசந்தத்தில் ராய் மறுபடி கூப்பிட்டனுப்பினார். கேலிகோஸின் இரண்டாவது இசைத்தட்டு. அதற்கும் எங்கள் குரல்தான் வேண்டுமாம். நான் முடியவே முடியாது என்றேன். வெர்லீனோ நல்ல உடுப்பை எடுத்து மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ரோஷமே இல்லையாடீ?" என்றேன்.

"நிறைய இருக்கு. அதான் போறேன். இதுவரைக்கும் பாடாத மாதிரி பாடப்போறேன். நீங்க ரெண்டு பேரும் நான் சொல்றதைப் பாடுங்க, போதும்."

பின்னணிக் குரல்களுக்கு வார்த்தை எழுதித் தரும் வழக்கம் ராயிடம் இல்லை. "ஷூ-லா, டூ-லா, ஏதாவது அர்த்தமில்லாம பாடி நிரப்புங்க" என்பார். வெர்லீன் எங்களைப் பெண்கள் கழிப்பறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். விரலால் சுவரில் தாளம் தட்டிச் சொல்லிக் கொடுத்தாள்.

"ஓ வெர்-லீ, வெர்-லீ-லீன்... கேட்-லெட், கேட்-லெட்-லெட்."

ஃபே வாயைப் பொத்திக்கொண்டாள். "கண்டுபிடிச்சா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவான்டீ!"

"அவனா? என் பேரு தெரிஞ்சாத்தானே கண்டுபிடிக்க?"

பாடினோம். முன்குரலில் வெர்லீன் உருகி வழிந்தாள். பின்னால் நாங்கள் இரண்டு பேரும் அவள் பெயரைச் சுழற்றிச் சுழற்றிப் போட்டோம். ஒலிப்பதிவாளர் ஆஸி மட்டும் தலையை நிமிர்த்தினார். வருகைத்தாளில் எங்கள் பெயர்களை எழுதிக்கொள்கிறவர் அவர்தான். கண்ணாடி வழியே வெர்லீனைப் பார்த்தார். அவளும் கண் இமைக்காமல் பார்த்தாள். அவர் குனிந்து, பின்னணிக் குரல்களின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

ராய் கைதட்டினார். "அருமை! அந்தப் பின்னாடி வர்ற உளறல் இருக்கே, நாக்குல ஒட்டிக்குது!"

"ஒட்டணும், சார்" என்றாள் வெர்லீன்.

ஒட்டியது. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் கயிறு தாண்டும் சிறுமிகள் அதைத்தான் பாடித் தாண்டினார்கள். பேருந்தில், பள்ளிக்கூட வாசலில், பணக்கார வெள்ளைக்காரர்களின் கடற்கரையில், எங்கும் அதே பாட்டு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேலிகோஸ் தொலைக்காட்சியின் நடன நிகழ்ச்சிக்கு வந்தார்கள். சபையில் பெரிய தொலைக்காட்சி வைத்திருந்தது சிஸ்டர் மோசல்தான். பாதி சபை அங்கே கூடியிருந்தது. வெர்லீன் அழைப்பில்லாமலே போய் முன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இசைத்தட்டு ஓடியது, பெண்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். நடீன் நடுவில் கண் சொக்கி நின்றாள். பின்னால் நின்ற இரண்டு பேரும் இடுப்பை வெட்டியபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாயசைத்தார்கள். வெர்லீன் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டினாள்.

"சிஸ்டர் மோசல், முன்னாடி பாடுறவளை விடுங்க. பின்னாடி என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

மோசலின் கரண்டி பாதி வழியில் நின்றது. யாரோ ஒரு சிறுவன்தான் முதலில் கத்தினான். "வெர்லீன் கேட்லெட்! நம்ம வெர்லீன் பேரைச் சொல்றாங்க!" அறையே ஆர்ப்பரித்தது. வெர்லீன் மோசலையே பார்த்துக்கொண்டு நின்றாள், பாட்டு முடிகிறவரைக்கும்.

திங்கட்கிழமை எங்கள் ஜனங்களின் வானொலியில், "யாருங்க இந்த வெர்லீன் கேட்லெட்?" என்று அறிவிப்பாளர் கேட்டார். அவளே நேரில் போய் ஒலிவாங்கி முன்னால் இரண்டு பாட்டையும் வாத்தியமில்லாமல் பாடிக் காட்டினாள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் ராய் சலவைக் கடைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

"என்ன காரியம் பண்ணியிருக்க! நாடு முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்குது!"

"தட்டைத் திரும்ப வாங்கிக்கோயேன்" என்றாள் வெர்லீன். அதுவரை 'சார்' இல்லாமல் அவள் அவரிடம் பேசியதில்லை. "நல்லா விக்குதாமே. உன்னால நிறுத்த முடியாது. விக்கிற ஒவ்வொரு தட்டிலேயும் என் பேரு. நாக்குல நிக்காதுன்னியே? எங்க, நீ ஒரு தடவை சொல்லு பாப்போம்."

அவர் சொல்லவில்லை. "இந்த ஊர்ல இனி எந்தக் கூடத்திலயும் நீ பாட முடியாது" என்றார்.

சொன்னபடியே செய்தார். அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும் ஃபேவுக்கும் கதவு மூடியது. ஃபே சில மாதம் எங்களோடு பேசவே இல்லை. நான் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கழிப்பறையில் தாளம் தட்டியபோது எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

வெர்லீன் வெஸ்டர்ன் தெருவில் ஓர் உணவு விடுதியில் வெள்ளி, சனிகளில் பாட ஆரம்பித்தாள். வாசல் பலகையில் அவள் பெயர் கொட்டை எழுத்தில். ஒரு வெள்ளி மத்தியானம் ஒத்திகை முடிந்து நானும் அவளும் பொரித்த மீன் சாப்பிட உட்கார்ந்தபோது, தலையில் துணி கட்டிய ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். நடீன்.

"மேடம், நான் எங்க மேடை ஏறினாலும் உங்க பேரைச் சொல்லிக் கூச்சல் போடுறாங்க. நேத்து ஒருத்தன் முட்டை எறிஞ்சான். எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அவர் நில்லுன்னார், நின்னேன். வானொலியில என் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"வாயசைச்சியே, அப்போ யாரு குரல்னு ஒரு நாளாவது கேட்டியா?"

நடீன் தலை குனிந்தாள்.

"கேக்கலல்ல? போ. நானும் உனக்காக எதையும் சொல்லப் போறதில்ல."

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே போனாள். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"சின்னப் பொண்ணுடீ. அவளையும் அவன்தானே ஏமாத்தினான்" என்றேன்.

"தெரியும்."

"பாவமா இல்லையா உனக்கு?"

வெர்லீன் மிளகாய்ச் சாற்றை மீன்மேல் தாராளமாக ஊற்றினாள். "பாவமாத்தான் இருக்கு. ஆனா மனசு இன்னும் ஆறல ஜூவல். ஆறினப்புறம் வரச் சொல்லு" என்றாள்.

நடீன் அதற்குப் பிறகு வரவில்லை. வெர்லீனும் தேடிப் போகவில்லை.