ஸ்டோரில் உலர்ந்த ப்ரீஆம்ப்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளி நாட்களிலிருந்தே உண்டு. அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்: போன ஆவணியின் இரண்டாம் வெள்ளி, மேலே போடிமெட்டில் மழையும் கீழே போடியில் வெயிலுமாக இருந்த காலையில், என் வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயர் கரகரத்தது. ரெக்கார்டிலிருந்து வரும் மெல்லிய ஓசையைச் சற்றே பெரிதாக்கி அடுத்த பெட்டிக்கு அனுப்புகிற சிறிய இரும்புப் பெட்டி அது. ஞாயிறுக்குள் சத்தம் விட்டுவிட்டு வந்தது. செவ்வாயன்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றியதும் முகர்ந்து பார்த்தார்.

“என்னண்ணே, பாயசத்துல போட்டு எடுத்தீகளா? ஏலக்கா வாசம் தூக்குது.”

சிரித்தேன். ஆனால் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டி எனக்கு மட்டும் சொந்தமில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த நண்பனும் நானும் சேர்ந்து வாங்கியது. அப்போதெல்லாம் அவன் வீட்டில்தான் இருந்தது. ஞாயிறுதோறும் முதல் ஜீப்பில் ஏறிப் போய்விடுவேன். மழைக்காலத்தில் அங்கே தீப்பெட்டிகூட நமத்துப்போகும். கம்பளியோ புத்தகமோ, காய் உலர்த்தும் சூட்டறையான ஸ்டோரில் வைத்துக் காப்பாற்றுவதுதான் தோட்டத்து வழக்கம். நாங்களும் ஆடி பிறந்தால் ப்ரீஆம்பை ஸ்டோரில் வைத்து, ஞாயிறு மட்டும் எடுத்து வருவோம். பச்சைக் காயிலிருந்து எழும் ஆவியில் எண்ணெய் இருக்கும் என்பது இத்தனை படித்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அந்த எண்ணெய், வால்வு என்கிற கண்ணாடிக் குழல்களைச் செருகும் சாக்கெட்டுகளில் பிசினாகப் படிந்திருந்தது.

கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். சாக்கெட், கெப்பாசிட்டர், வால்யூம் எல்லாவற்றையும் மாற்றிப் புதுப்பிக்கலாம், நாளாகும். அல்லது இதை ஓரங்கட்டிவிட்டு, வால்வே இல்லாத புதிய ஒன்றை வாங்கிவிடலாம்.

பாதிக்குச் சொந்தக்காரனைக் கேட்காமல் எப்படி? அவன் தோட்டத்தை விற்றுவிட்டுக் கனடாவில் மகளோடு போய்த் தங்கி இரண்டு மழைக்காலம் ஆகிறது. சித்திரையில் வருகிறேன் என்று சொல்லித்தான் பெட்டியை என்னோடு ஜீப்பில் ஏற்றி அனுப்பினான். அந்தச் சித்திரையும் போய்விட்டது. ப்ரீஆம்ப் ஒரு சாக்கு; அவன் வருவானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அன்று மாலை, அங்கே விடிந்ததும், போனில் பேசினேன்.

“தூக்கிக் கடாசிட்டுப் புதுசு வாங்குடா மாப்ளே,” என்றான்.

“உனக்கும் பாதி இருக்கேடா. நீ வந்து கேட்டுப் பாத்தப்புறம் முடிவு பண்ணலாம்னு இருந்தேன்.”

“எனக்காகப் பாக்காத. பேத்தியப் பாக்குற சோலியே எனக்குச் சரியா இருக்கு. இந்த முட்டிய வச்சுக்கிட்டு அம்புட்டு நேரம் ஏரோப்ளேன்ல உக்கார முடியுமா?” பிறகு கேட்டான்: “மெட்டுல மழையா?”

“காலையிலருந்து பேயுது.”

“ம்,” என்றான்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாளே, புதுப்பிக்கச் சொல்லிவிட்டேன்.

புரட்டாசி நடுவில் கடைக்காரர் அழைத்தார்.

“அண்ணே, இடது வலது சத்தத்தக் கூட்டிக் கொறைக்கிற பேலன்ஸ் குமிழு இருக்குல்ல, அத எடுத்துட்டு நேரா வயர் இழுத்துரவா? சத்தம் இன்னும் சுத்தமா வரும். யாரோ ஒரே பக்கமாத் திருப்பித் திருப்பி அதுவும் தேஞ்சு கெடக்கு.”

நண்பனுக்கு இடது காது மந்தம். ரெக்கார்டு சுழலத் தொடங்கியதும் அந்தக் குமிழை இடப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் உட்காருவான். ஒருபக்கம் சாய்ந்த இசையையே கேட்டு எனக்கும் பழகிவிட்டது; அவன் போன பிறகும் நான் அதை நடுவுக்குத் திருப்பவில்லை. ‘இருக்கட்டும்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். யாருக்காக என்று அவர் கேட்டுவிடுவாரோ என்றிருந்தது.

“எடுத்துருங்க,” என்றேன்.

ஐப்பசி முதல் ஞாயிறு காலையில் பெட்டியை வீட்டில் இணைத்தேன். நாங்கள் அதிகம் கேட்ட ரெக்கார்டைப் போட்டேன். வயலின் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால் வந்து நின்றது. இத்தனை ஆண்டும் அதை நான் இடது ஓரத்தில் கேட்டிருக்கிறேன். முன்பைவிட நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவன் ஒருவன்தான், அவன் ஊரில் அப்போது இரவு. ரெக்கார்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்தது. திருப்பிப் போடாமல், அங்கே விடிய இன்னும் எத்தனை மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.