அது விறகுப் புகை

தேயிலைப் பெட்டியில் பல் தெரியச் சிரிக்கிற பெண்ணையும், தொலைக்காட்சியில் மூக்கைச் சிந்தி அழுகிற பெண்ணையும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. தோட்டத்து ஆட்களுக்கு இந்த இரண்டு முகம்தான் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நாடகம் என்றால் அதில் வீட்டு வேலைக்கு வருகிறவள் மலைநாட்டுப் பெண்ணாகத்தான் இருப்பாள். கொழும்பில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் இருந்த ஆசிரியை என் ஊரைக் கேட்டார். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம் என்றேன். பார்த்தால் தெரியவே இல்லையே என்றார், பாராட்டுகிற மாதிரி. என்ன தெரிய வேண்டுமாம்? கேட்க வாய் வரை வந்தது. இவரிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று டீயைக் குடித்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் வீட்டுக்கே அம்மாவைப் படம் பிடிக்க ஆள் வந்தது.

அம்மா ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என் தங்கை. தாதியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. முதல் முறை விண்ணப்பித்தபோது, நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்து ஐந்தாம் நாள்தான் அவள் கைக்கு வந்தது. எங்கள் வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாருடைய கடிதங்களும் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே பையைப் பிரிக்க யாருக்காவது மனசு வர வேண்டும். பிறகு எங்கள் பக்கம் வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். தங்கை திரும்பவும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். வந்தால் அனுப்புவோம், சும்மா சும்மா வந்து தொந்தரவு பண்ண வேண்டாம் என்று கிளாக்கர் விரட்டிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து மூன்று பேர் கேமராவோடு வருவதாகப் போன் பண்ணினார்கள். தேயிலைத் தோட்டத்துத் தாய் ஒருவரைப் பற்றி நிகழ்ச்சியாம். மனசில் உள்ளதை எல்லாம் சொல்லலாம், நாடே பார்க்கும் என்றார்கள். அம்மாவுக்கு அது போதும். கடிதம் நேராக வீட்டுக்கு வர வேண்டும் என்று நாட்டுக்கே சொல்லிவிடலாம் அல்லவா? இரண்டு நாளாகப் பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வார விடுமுறை என்று ராகலையில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த என்னை எதிரில் உட்கார வைத்து ஒப்பித்தாள்.

வந்தவர்களுக்கு எங்கள் வீடு பிடிக்கவில்லை. ஓடு போட்ட தனி வீடு, பச்சைச் சுவர், காஸ் அடுப்பு, அலுமாரி. அம்மா நல்ல கோப்பைகளை எடுத்துப் பால் டீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்தார்கள், ஆனால் படம் எடுக்கவில்லை. கீழே பழைய லயம், அந்தக் காலத்து வரிசை வீடு, இருக்கிறது. கூரை பாதி போய், இப்போது அதில் விறகும் ஆடும்தான் கிடக்கின்றன. அதைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்ததே, அடடா! அம்மாவை அதன் வாசலில் உட்கார வைத்தார்கள். காரிலிருந்து ஒரு புதுக் கூடையை எடுத்து அவள் தலையில் கயிறு மாட்டினார்கள். இப்போது சாக்கில்தான் கொழுந்து எடுக்கிறோம் என்று அம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மலையில் நிறுத்திக் கொழுந்து பறிக்கச் சொன்னார்கள். அந்த மலையில் வெள்ளிக்கிழமைதான் கொழுந்து எடுத்து முடித்திருந்தார்கள். ஒரு வாரமாவது விட்டால்தான் திரும்பக் கொழுந்து வரும். பிஞ்சைக் கிள்ள அம்மாவுக்கு மனசு வருமா? செடிக்கு மேலே வெறும் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அம்மா பேசும் வரைக்கும் பொறுத்துக்கொள்வோம் என்று.

கடைசியில் பேசச் சொன்னார்கள். அம்மா ஒரு சொல் தடுமாறவில்லை. "கடுதாசி எங்க வீட்டுக்கு நேரா வரணுங்க. எம் மகளுக்கு வந்த கடுதாசி ஆபீசுலயே கெடந்து அவ படிப்பு போச்சு. திரும்ப எழுதிப் போட்டிருக்கா. இந்தத் தடவையாச்சும் கைக்கு வந்து சேரணும். அதுக்குத்தான் ஒத்துக்கிட்டேன்."

ரொம்ப நல்லா சொன்னீங்க என்றார் வந்தவர்களில் ஓர் இளைஞர். பிறகு, லயத்துக்குள் அடுப்பு மூட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார். குளிக்க வெந்நீர் போடுகிற மூன்று கல் அங்கே கிடந்தது. ஈர விறகு. ஊதி ஊதி அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. கேமராவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார்கள்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தது. அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தாள், வீடு நிறைய ஆள். கடுதாசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. வயலின் அழுகிறது, அம்மாவின் கண்ணில் நீர் வழிகிறது, தலைமுறை தலைமுறையாக வற்றாத கண்ணீர் என்று ஒரு பெண் குரல் உருகுகிறது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "ஏன் மதினி அழுதீங்க?" என்றார். "அட, அது விறகுப் புகை" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தொலைக்காட்சியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன், அது நான் வாங்கிக் கொடுத்தது என்பதால் விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் ஆள் ஒருவர் தலையில் பெட்டியைச் சுமந்துகொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். யாரோ நல்ல மனசுக்காரர் கொழும்பிலிருந்து அனுப்பியது. மேலே பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரும், 'டிவியில் அழுத அம்மாவுக்கு' என்ற எழுத்தும்தான். காலையில் வந்ததாம். டிவி விஷயம் என்பதால் உடனே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாராம் கிளாக்கர். உள்ளே பழைய சேலைகள், துவைத்து மடித்து வைத்தவை.

தங்கைதான் கேட்டாள், வேறு ஏதாவது கடிதம் வந்திருக்கிறதா என்று. அவர் தலையைச் சொறிந்தார். கடுதாசிப் பை மூலையில் கிடக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை என்றார்.

அம்மா சேலைகளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து அவர் கையில் கொடுத்தாள். "இதுல எங்க பேரு இல்லைங்க. பேரு போட்டது என்னா இருக்குன்னு பாருங்க, எம் மக கூட வருவா."

தங்கை அவர் பின்னாலேயே போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். உறையில் அவளுடைய முழுப்பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவு, வீட்டு இலக்கம் எல்லாம் அழகாகத் தட்டச்சு செய்திருந்தது. நேர்முகப் பரீட்சை முந்தாநாள் முடிந்திருந்தது.

அம்மா குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்பைப் பற்ற வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் உள்ளே போனேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா சுவரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். புகை எதுவும் இல்லை.