வித்துரா முக்கில் என் தம்பியின் படம்

முதலில் தெரிந்தது இடுப்பில்தான். கேரளத்து வித்துராவில் சந்தைக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கிறேன். தம்பி செல்வினின் பேண்ட்டை ஒரே மழைக்காலத்தில் இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். வாயில் ஒன்றும் இல்லாதபோதும் தாடை அசைந்துகொண்டே இருக்கும். காதல் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் கொண்டுவரும் லைலா இத்தாதான் (இத்தா என்றால் அக்கா) சொன்னாள்: “பிரேமம் வந்த பையன் கண்ணாடி பார்ப்பான் மோளே. இவன் கண்ணாடியைக் கண்டா ஓடுறான்.”

இத்தா எங்கள் ஊர் ஜாக்ரதா சமிதியில் (போதையைத் தடுக்க ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைத்த விழிப்புக் குழு) இருக்கிறாள். மறுநாளே சமிதிச் செயலாளர் ஷாஜி அண்ணன் ஆட்டோவோடு வந்து நின்றார். “கேஸாக்க வந்ததில்ல சுஜா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.” செல்வின் கத்தினான், அழுதான், பிறகு ஏறினான்.

திருவனந்தபுரத்தில் டாக்டரம்மா ஒளிக்காமல் பேசினார். விடுபடு அறிகுறிகள் (போதை இறங்கும்போது வரும் நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை) அடங்கிவிடும். அதற்கப்புறம் மீள்சறுக்கல் (விட்டதைத் திரும்பத் தொடுவது) வரலாம். “வந்தா அதுவும் நோயில சேர்த்திதான். ஒளிச்சு வைக்காம உடனே இங்க வரணும்.” இதே வழியில் நடக்கிறவர்களே, வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நடுக்கமும் எரிச்சலும் அடங்கின. இட்லிக்கு உப்பு போதவில்லை என்று அவன் குறை சொன்ன காலை எனக்குப் பண்டிகை.

ஊருக்குத் திரும்பும் பஸ் சந்தை முக்கில் நின்றது. எதிரே ஆளுயர பிளெக்ஸ். அதில் செல்வின் சிரிக்கிறான். ‘லஹரியை (போதையை) வென்ற வீரன், எங்கள் செல்வினுக்கு வரவேற்பு.’ ஞாயிற்றுக்கிழமை கூட்டம், பொன்னாடை, எம்.எல்.ஏ. எங்கள் ஊருக்கு அன்பு பொங்கினால் முதலில் பிளெக்ஸ்தான் அடிக்கும். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை.

“அக்கா, நான் இறங்கல.”

பஸ் பொன்முடி ரோட்டில் ஏறியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம்.

“நாளைக்கு நான் சறுக்கினா அந்த போர்டை யாரு இறக்குவா? வீரன்னு எழுதிட்டாங்க. இனி ஒளிஞ்சுதான் செய்யணும்.”

எனக்குப் போதையைவிட அந்த ‘ஒளிஞ்சு’தான் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலமே சமிதி கூடும் கிளப்புக்குப் போனேன். ஷாஜி அண்ணன் தலையில் கைவைத்தார். “எம்.எல்.ஏ.வை விளிச்சாச்சு, நோட்டீஸ் அடிச்சாச்சு. அவனுக்கு அபிமானமா இருக்கும்னு செஞ்சதல்லே?”

“ஜுரம் விட்டவனுக்கு யாராவது மாலை போடுவாங்களா அண்ணா? ஜுரம் திரும்ப வந்தா மாலையைப் பிடுங்குவீங்களா?”

அங்கிருந்த லைலா இத்தா சிரித்துவிட்டாள். “நான் நாலு பெத்தேன். ஒருத்தன்கூட எனக்குப் பொன்னாடை போட்டில்ல. இறக்குடா ஷாஜி!”

ஊர் பார்க்க அவரே ஏணி வைத்து இறக்கினார். கூட்டம் நடந்தது, அவன் பெயர் இல்லாமல். டாக்டரம்மா வந்து அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தார். முன்வரிசை முழுக்க அம்மாமார். மறுவாரம் ஷாஜி அண்ணன் எங்கள் வாசலில் நின்று கத்தினார்: “டேய் செல்வின், வாலிபால் நெட் கட்ட ஆளில்ல, வா!” போனான்.

ஓணம் கழிந்து ஒருமுறை சறுக்கினான். மறைக்கவில்லை. மறுநாள் காலை கடைக்கு வந்து, நான் ஊசி கோத்து முடிக்கும்வரை நின்று, “அக்கா, தொட்டுட்டேன். ஷாஜி அண்ணன்ட்ட ஆட்டோ சொல்லிட்டேன்” என்றான். அன்றுதான் அவன் பிழைப்பான் என்று எனக்கு உறுதியானது.

குணமானதா என்று கேட்கிறவர்களுக்கு ‘இன்றைக்கு நன்றாக இருக்கிறான்’ என்கிறேன். என் காலண்டர் அவ்வளவு சிறியதாகிவிட்டது. அதில் மூச்சுவிட இடம் தாராளமாக இருக்கிறது. முன்பு சாயங்காலமானால் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும். இப்போது மைதானத்திலிருந்து, “செல்வினே, கண்ணை எங்கடா வெச்சிருக்கே? பந்து போச்சு!” என்று யாராவது திட்டுவது கேட்கிறது. தோள் தானாக இறங்குகிறது. மிஷினை மிதிக்கிறேன்.