தப்பான வேனுக்குப் பின்னால்

திருப்பூருக்கு வந்த மூன்றாவது வாரமே என் கணவரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டேன். "இந்த மாசம் முடியட்டும். நான் கயத்தாறுக்கே போயிருதேன். நீங்க இங்க இருந்து வேலையப் பாருங்க." அவர் எனக்கு ஒரு வருஷம் முன்னதாகவே இங்கே வந்து, பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மிஷினில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

வேலையில் எனக்குக் குறையில்லை. முதலிபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் செக்கிங். டி-ஷர்ட்டில் தொங்கும் நூல் பிசிறை வெட்டி, ஓட்டையோ கறையோ இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். இரண்டே நாளில் கை பழகிவிட்டது. ஊர்தான் பழகவில்லை. காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் எங்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் அதே இடத்தில் கொட்டிவிட்டுப் போகும். நெரிசலில் நின்றுகொண்டே போகிற எனக்கு முன்னால் நிற்பவளின் முதுகுதான் திருப்பூர். நான் குடியிருப்பது ஊருக்குக் கிழக்கா மேற்கா என்றுகூடத் தெரியாது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என் மூஞ்சியைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவர் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். "எம்புள்ள இப்ப ஸ்கூட்டியிலதானுங்க போறா. எங்கூட்டுல சும்மாதான் நிக்குது, நீங்க ஓட்டுங்க." ஒரு வாரம் மளிகைக் கடை வரைக்கும் ஓட்டினேன். அதைத் தாண்டப் பயம்.

மறு வாரம் ஒரு நாள் காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் லைன் வீடுகளில் தண்ணீர் வருவது லேசுப்பட்ட காரியமில்லை, எப்போதாவதுதான் வரும். கடைசிக் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால் என்னை விட்டுவிட்டு வேன் தெருமுனையில் திரும்புகிறது. அன்றைக்கு ஷிப்மென்ட், சரக்கு ஏற்றி அனுப்பும் நாள். வராதவர்கள் அப்படியே நின்றுகொள்ளலாம் என்று சூப்பர்வைசர் முந்தின நாளே மிரட்டியிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலையை நானாக விட்டுவிட்டுப் போவேன், யாரும் என்னை விரட்டக் கூடாது. ஈரச் சுடிதாரின் மேல் கம்பெனியில் கொடுத்த ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

வேன் நாலு இடத்தில் ஆள் ஏற்ற நிற்கும், அதனால் விடாமல் துரத்தினேன். சிக்னலில் பார்த்தால் எங்கள் வேனைப் போலவே வரிசையாக மூன்று வெள்ளை வேன். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய், அது நுழைந்த கேட்டுக்குள் நானும் நுழைந்தேன். செக்யூரிட்டி, "செக்கிங்குங்களா? உள்ள போங்க" என்றார். முகங்கள் புதிதாக இருந்தன. எங்கள் கம்பெனிக்கு இன்னொரு யூனிட் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன், ஷிப்மென்ட் அவசரத்துக்கு எல்லோரையும் இங்கே போட்டிருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து பிசிறு வெட்ட ஆரம்பித்தேன். ஒரு ஜீவன்கூட என்னை யார் என்று கேட்கவில்லை. தினம் புது ஆள் வந்து உட்காருகிற ஊரில் யார்தான் கேட்பார்கள்? அரைக் கட்டு முடித்தபிறகுதான், ஆண்கள் டி-ஷர்ட் தைக்கும் எங்கள் கம்பெனியில் யானைப்படம் போட்ட குழந்தைச் சட்டை எப்படி வந்தது என்று உறைத்தது.

அங்கிருந்த செக்கிங் மேடத்திடம் போய் என் கம்பெனிப் பெயரைச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க, வேற கம்பெனிக்கு வந்து எங்க பீஸைப் பாத்துக் குடுத்திருக்கீங்களே. இங்கயே இருந்துக்கறதுங்களா?" டீ வாங்கிக் கொடுத்து வழியும் சொன்னார். "மெயின் ரோடு வேண்டாமுங்க. பின்னால மண் ரோட்டுல போங்க, சோளக்காடு தாண்டுனா உங்க கம்பெனிதானுங்க."

அந்த மண் ரோட்டை என்னால் மறக்கவே முடியாது. ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், இன்னொரு பக்கம் ஆள் உயரச் சோளம். இறக்கத்தில் மிதிக்காமலே சைக்கிள் பறந்தது, ஓவர்கோட்டுக்குள் காற்று புகுந்தது. வழி தவறியவள், வேலை போகப்போகிறவள், பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷம். இந்த ஊரில் நானாகப் போன முதல் வழி அது.

சூப்பர்வைசர் கத்த வாயெடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மேஜை முழுக்கச் சிரிப்பு, அவராலும் அடக்க முடியவில்லை. அதுவரை என்னிடம் பேசாதவர்களெல்லாம் அன்று சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மறுநாளிலிருந்து வேனை விட்டுவிட்டேன். தினம் ஒரு புது வழி. எந்தத் தெருவில் நல்ல பணியாரம் கிடைக்கும், எந்த மேட்டில் ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும், எல்லாம் எனக்கு அத்துப்படி.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே, "பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டு வந்துரட்டா?" என்றார்.

"டிக்கெட்டெல்லாம் வேண்டாம். பின்னால ஏறி உக்காருங்க, ஊரச் சுத்திக் காட்டுதேன்" என்றேன். ஒரு வருஷம் இருந்தும் அவருக்கு ரூமையும் மிஷினையும் தவிர எதுவும் தெரியாது. கேரியரில் உட்கார்ந்து கூச்சத்தோடு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தெருவே பார்த்தது. பார்க்கட்டும் என்று மிதித்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு டிக்கெட்தான் போடலாம்னு கெளம்புனேன். ஓனர்கிட்ட என் கணக்க முடிக்கச் சொல்லிட்டேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். "நாளைக்கே போயி வேலைக்கு வாரேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, மேடு வந்ததால் எழுந்து நின்று மிதித்தேன்.